வெளிநாட்டுக் கத்தோலிக்க நிறுவனங்கள்ட உதவி படுவான்கரைக்கு எப்பிடி வருது, எங்கட சங்கம் எப்பிடிக் கேக்கிற?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இரிக்கிற படுவான்கரையில, வெல்லாவெளிப் பக்கம் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒண்டுல செயலாளரா இரிக்கிற தங்கச்சி ஒராள் கேட்டிரிக்கா: இங்கிலாந்து, அயர்லாந்து, ஜெர்மனியில இரிக்கிற கத்தோலிக்க நிறுவனங்கள் ஏழைக் கிராமங்களுக்கு உதவி செய்யுதாம், நாங்க முழுக்கச் சைவ ஊர், எங்களுக்கும் தருவாங்களா, நேரா மெயில் போட்டாக் காணுமா, பங்குத்தந்தைட (கத்தோலிக்கக் கோயில் ஃபாதர்ட) கடிதம் வேணுமா, காசை வாங்கினா மறுகா மதம் மாறச் சொல்லுவாங்க எண்டு ஊர்ப் பெரியாக்கள் பயப்பிடுறாங்க, அவங்களுக்கு என்ன சொல்ற எண்டு. கிராம வேலையில கனகாலம் நிண்ட ஆள் எண்டபடியால எனக்குத் தெரிஞ்சதைக் கொஞ்சம் நீட்டாவே சொல்றன், பொறுமையா வாசிங்க.

கட்டையாச் சொன்னா, சைவ ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் தருவாங்க, மெயில் போட்டு வேலை இல்ல, மதம் மாறச் சொல்றது அவங்கட சட்டத்துக்கே மாறானது. ஆனா என்னத்தக் கேக்கிறீங்க, எப்பிடிக் கேக்கிறீங்க எண்டதுலதான் எல்லாம் கிடக்கு, அதைத்தான் ஒருத்தரும் எங்கட சங்கங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறல்ல.

முதல்ல இது ஆருட காசு எண்டு விளங்கோணும். வெளிநாட்டுக்காரன்ட காசு எண்டா ஏதோ கிணறு மாதிரி இறைக்க இறைக்க வரும் எண்டு எங்கட சனம் நினைச்சிக் கிடக்கு. இங்கிலாந்துல காஃபோட் எண்டு ஒரு நிறுவனம் இரிக்கு, அதைப் பெரிய முதலாளி ஆரும் தொடங்கல்ல. 1960ல கத்தோலிக்கப் பெண்கள் அமைப்புக்காரர், கரீபியன் கடல்ல டொமினிக்கா எண்ட சின்னத் தீவுல தாய் சேய் கிளினிக் ஒண்டுக்குக் காசு தேவை எண்டு தெரிஞ்சி, குடும்பமா ஒரு நாள் விரதம் பிடிச்சி மிச்சம் பிடிச்ச சாப்பாட்டுக் காசைச் சேர்த்து அனுப்பினாங்க. அதுலயிருந்து வந்ததுதான், 1962லதான் ஆயர்மார் (பிஷப்மார்) அதை முறையா ஒரு நிறுவனமாக்கினாங்க. இண்டைக்கும் அந்த விரத நாள் அங்க நடக்குது. அயர்லாந்துல ட்ரோக்கரே, 1973ல ஆயர்மார் தொடங்கினது, தவக்காலம் வந்தா வீட்டுக்கு வீடு ஒரு சின்ன மட்டைப் பெட்டி குடுப்பாங்க, சாப்பாட்டு மேசையில அதை வச்சி 40 நாளும் புள்ளைகள் சில்லறை போட்டு ஈஸ்டர் முடியக் கொண்டு குடுப்பாங்க. 1840கள்ல உருளைக்கிழங்கு நோய் வந்து பஞ்சத்துல ஏறத்தாழ 10 லட்சம் சனம் செத்த நாடு அது, இன்னும் 10 லட்சம் பேர் கப்பலேறிப் போயிற்றாங்க, பசி எண்டா என்ன எண்டு பாட்டன் பூட்டன் சொல்லித் தெரிஞ்ச சனம். ஸ்கொட்லாந்து, கனடா, அவுஸ்திரேலியா எல்லாத்துலயும் 1960கள்ல இதே மாதிரித் தவக்காலச் சேகரிப்புகள் தொடங்கிச்சி.

ஜெர்மனியில மிசெரியோர். அதுட கதை எனக்கு இன்னும் பிடிக்கும். அதைத் தொடங்கோணும் எண்டு 1958ல மத்த ஆயர்மாருக்கு முன்னால கேட்டவர் கொலோன் நகரத்துக் கர்தினால் ஜோசப் ஃப்ரிங்ஸ். யுத்தத்துல தரைமட்டமான நகரம் அது. 1946 டிசம்பர் 31ந் தேதிப் பிரசங்கத்துல, வேற வழியே இல்லாத ஏழை உயிரைக் காப்பாத்த வேண்டியதை எடுத்தாக் குத்தமில்ல எண்டு சொன்னவர் அவர்தான், அந்தக் குளிருக்குச் சனம் ரயில்ல இரிந்து நிலக்கரி எடுத்துக்கொண்டிருந்த காலம். அப்ப ஜெர்மன்காரருக்கே வெளிநாட்டுச் சாப்பாட்டுப் பொதி வந்தது. பன்னிரண்டு வரியத்துல அதே சனம், இனி நாங்க மத்தவங்களுக்குக் குடுக்கோணும் எண்டு நிண்டது. வாங்கின கைதான் குடுக்கத் தொடங்கினது எண்டதை எங்கட ஊர்ல சொன்னா ஒருத்தரும் நம்புறல்ல, ஆனா நடந்தது அதுதான்.

ஆக, எங்கட பொம்பளையாக்கள் உலை வைக்கிறதுக்கு முன்னம் ஒரு புடி அரிசியை வேற பானையில போட்டு வைப்பாங்களே புடியரிசி எண்டு, அந்த மாதிரிச் சேர்ந்த காசு இது. பென்சன் எடுக்கிற கிழவியும் பள்ளிக்கூடத்துப் புள்ளையும் போட்டது. கணக்குக் கேட்டு ஏன் இப்பிடி உயிரை எடுக்கிறாங்க எண்டு பிறகு உங்களுக்குக் கோவம் வரும் பாருங்க, அப்ப இதை நினைச்சிக்கொள்ளுங்க.

உண்டியல் காசு மட்டும்தான் எண்டும் இல்ல. ஜெர்மன் அரசாங்கம் 1960கள்ல இரிந்தே தேவாலயங்கள்ட அபிவிருத்தி வேலைக்கு ஒரு பங்கு குடுக்குது, அயர்லாந்து அரசாங்கமும் ட்ரோக்கரேக்குக் குடுக்குது, பிரித்தானிய அரசாங்கம் சில வரியங்கள்ல காஃபோட்ட தவக்காலச் சேகரிப்புக்குச் சமனா அதே அளவு காசு போட்டிரிக்கு. அரசாங்கக் காசு எண்டா அந்த நாட்டு வரிக்காசு, அதுல ஒரு சதமும் பூசைக்கோ கோயிலுக்கோ மதப் பிரசங்கத்துக்கோ போகேலாது. இதை ஞாபகம் வச்சிக்கொள்ளுங்க, மதக் கேள்விக்கு வரக்குள்ள தேவைப்படும்.

சரி, காசு எப்பிடி வெல்லாவெளிக்கு வருது? இந்த நிறுவனங்கள்ல கனக்க, ஊருக்குள்ள தாங்களே ஒஃபிஸ் போட்டு, பிக்கப் வாகனத்துல கொடி கட்டிக்கொண்டு ஓடுறல்ல. அந்தந்த ஊர்ல ஏற்கெனவே வேலை செய்யிற அமைப்பு ஒண்டுட கையில குடுத்துத்தான் செய்வாங்க, பங்காளி அமைப்பு எண்டு சொல்ற. கத்தோலிக்கப் போதனையிலயே ஒரு கொள்கை இரிக்கு, கீழ இரிக்கிறவங்க தாங்களாச் செய்யக்கூடியதை மேல இரிக்கிறவன் பறிச்சிச் செய்யக் கூடாது எண்டு. ஊர்ப் பிரச்சினையை ஊர்ல இரிக்கிறவன்தான் தீர்க்கோணும், நாங்க பின்னால நிப்பம் எண்டதுதான் கருத்து. கரித்தாஸ் எண்டது கத்தோலிக்கத் திருச்சபைட உதவி அமைப்பு, உலகம் முழுக்க அப்பிடி 160க்கு மேல இரிக்கு, எல்லாத்தையும் சேர்த்து ரோமில கரித்தாஸ் இன்டர்நெஷனாலிஸ், 1951ல தொடங்கினது. இலங்கைக்குக் கரித்தாஸ் ஸ்ரீலங்கா செடெக், 1968ல இரிந்து கொழும்புல. அதுக்குக் கீழ மறைமாவட்டத்துக்கு (ஒரு ஆயர்ட பொறுப்புல இரிக்கிற பகுதிக்கு) ஒண்டு, யாழ்ப்பாணத்துல ஹியூடெக், மன்னார்ல வாழ்வுதயம், எங்கட மட்டக்களப்புல எகெட். எகெட்டை உங்கட ஊர்ல ஆருக்கும் தெரியாம இரிக்காது, சுனாமிக்குப் பிறகும் 2006, 2007 இடப்பெயர்வு நேரமும் வாகரைச் சனமும் படுவான்கரைச் சனமும் டவுனுக்குள்ள வந்து பள்ளிக்கூடங்கள்லயும் முகாம்கள்லயும் கிடக்கக்குள்ள நிண்டு வேலை செய்தவங்கதான்.

அதால லண்டனுக்கு மெயில் போட்டா என்ன வரும்? மரியாதையா ஒரு பதில், உங்கட நாட்டுல இரிக்கிற பங்காளி அமைப்போட கதைங்க எண்டு. அதுக்கு மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினாக் காணும். 2014ல மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆக்களுக்கு அதுவும் லேசாப் போச்சு, முந்தி வாவியைக் கடக்கிற பாதைக்கு, அதான் ஆளேத்துற மிதவைக்கு, காவல் நிண்டே பாதி நாள் போயிரும்.

இப்ப மதம். பெரியாக்கள்ட பயத்தை நான் லேசா எடுக்கல்ல, அந்தப் பயத்துக்கு எங்கட பக்கத்துல காரணம் இரிக்கு. யுத்தத்துக்குப் பிறகும் சுனாமிக்குப் பிறகும், அரிசிப் பையோட செபக்கூட்டத்துக்கு நேரமும் சொல்லிற்றுப் போன சின்னச் சின்னக் குழுக்கள் வந்ததுதான், நானும் கண்டிரிக்கன், அது பிழைதான், கஷ்டத்துல கிடக்கிறவன்ட வயித்தைக் காட்டி அவன்ட சாமியை மாத்தப் பாக்கிறது அநியாயம். ஆனா எல்லாரையும் ஒரே சாக்குல கட்டேலாது. 1994ல செஞ்சிலுவைச் சங்கமும் பெரிய உதவி நிறுவனங்களும் சேர்ந்து ஒரு நடத்தைக் கோவை எழுதினாங்க, இனம் மதம் பாக்காமத் தேவையை மட்டும் பாத்து உதவி, எந்த மதக் கருத்தையோ அரசியல் கருத்தையோ பரப்ப உதவியைப் பாவிக்கக் கூடாது எண்டு அதுல இரிக்கு. அதைச் சேர்ந்து கொண்டு வந்ததுல கரித்தாஸும் ஒண்டு. 2005ல பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் எழுதின சுற்றுமடல்லயும், அன்புப் பணியை ஆள் சேர்க்கிற கருவியாப் பாவிக்கேலாது எண்டு நேராவே இரிக்கு. பாப்பரசரே சொன்ன பிறகு இஞ்ச இரிக்கிற ஃபீல்ட் ஒஃபிசர் அதை மீறினா, மீறினவர்தான் பதில் சொல்லோணும்.

இன்னொண்டு, கோயில் கட்ட, குருமாரைப் படிப்பிக்க, மறைக்கல்விக்கு எண்டு கத்தோலிக்கத்துல வேற நிறுவனங்கள் இரிக்கு, ஜெர்மனியில மிசியோ எண்டது அப்பிடி, மிசெரியோர் வேற. ரெண்டும் ஆகன் எண்ட ஒரே நகரத்துலதான் இரிக்கு, ஆனா வேலையும் கணக்கும் வேற வேற. இது தெரியாமத்தான் எங்கட ஆக்கள் ரெண்டையும் போட்டுக் குழப்புறாங்க. மறுகா எங்கட ஊர் ஒண்டும் கத்தோலிக்கரைக் காணாத ஊரும் இல்ல. ஆயித்தியமலை மாதா திருநாளுக்கு நேர்த்தி வச்சிப் போற சைவச் சனம் எவ்வளவு, சொறிக்கல்முனைப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்க, ஒரே வட்டையில சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிமும் வெள்ளாமை செய்யிறாங்க. பெரியாக்கள்ட மனம் ஆறோணும் எண்டா முதல் கூட்டத்துலயே அவங்களையும் வச்சி நேராக் கேளுங்க, உதவிக்கு ஏதும் மத நிபந்தனை இரிக்கா எண்டு. கேட்டதையும் சொன்ன பதிலையும் கூட்டக் குறிப்புப் புத்தகத்துல எழுதி வையுங்க. இந்த அமைப்புகள்ல முறைப்பாட்டுக்கு ஒரு வழி கட்டாயம் இரிக்கும், அதுட நம்பரையும் அண்டைக்கே கேட்டு வாங்குங்க. மத விசயத்துக்கு மட்டும் இல்ல, ஒஃபிசர் ஆரும் பொம்பளைப் புள்ளைகளோட முறைகேடா நடந்தாலும் அந்த நம்பருக்குத்தான் அடிக்கோணும்.

இனி உள்ள நிலவரத்தையும் சொல்லோணும், சும்மா ஆசை காட்டப்படாது. 2004க்குப் பிறகு வந்த காசு இனி வராது. சுனாமிக்கு உலகமே குடுத்தது, அம்பாறையில மட்டும் 10,000க்கு மேல சனம் செத்தது, கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் எண்டு கரை முழுக்கப் போச்சு. அப்ப காசு கூடிப் போய் பிழையும் நடந்தது, கடல்ல இறங்காத ஆளுக்கும் வள்ளம் குடுத்தாங்க, உண்மையான மீன்பிடிகாரன் சிலருக்குக் கிடைக்கல்ல. 2019 ஜூலையில உலக வங்கி இலங்கையை உயர் நடுத்தர வருமான நாடு எண்டு ஏத்திச்சி, அடுத்த வரியமே கீழ இறக்கிச்சி, ஆனா அதுக்கு முந்தியே கனக்க நிறுவனங்கள் ஆபிரிக்கா, சிரியா எண்டு போயிற்று. 2022 நெருக்கடிக்குக் கொஞ்சம் திரும்பி வந்தாங்க. இப்ப கிடைக்கிறது சின்னத் தொகை, ரெண்டு மூண்டு வரியத்துக்கு. அந்தச் சின்னத் தொகையை எதுக்குக் கேக்கிற எண்டதுதான் கேள்வி.

தங்கச்சி, உங்கட சங்கம் முந்தி எழுதின கோரிக்கைக் கடிதம் எப்பிடி இருந்திருக்கும் எண்டு எனக்குத் தெரியும், எல்லாச் சங்கத்துக் கடிதமும் ஒண்டுதான்: தையல் மெசின் 30, கோழிக்குஞ்சு இவ்வளவு, கதிரை 100, பொதுநோக்கு மண்டபத்துக்குத் தகரம். சாமான் பட்டியல். ஆட்டை இறக்கிற அமைப்பு ஆட்டை இறக்கும், ஃபோட்டோ எடுக்கும், போகும். எங்கட பக்கம் ஒரு நிறுவனம் அப்பிடி ஆடு குடுத்தது, மார்கழி மழைக்குக் கொட்டில்ல தண்ணி ஏறி, மிருக வைத்தியரைக் கூப்பிட ஒருத்தருக்கும் பழக்கமில்லாம, தைப்பொங்கலுக்கு முதலே பாதி செத்துப் போச்சு. ஆட்டுல பிழை இல்ல. ஆடு வரமுதல் கொட்டில் எந்த உயரம், குழை எங்க வெட்டுற, ஊசி ஆர் போடுற எண்டு ஒருத்தரும் குந்தியிருந்து கதைக்கல்ல.

அதால சாமானை விட்டுட்டுப் பிரச்சினையை எழுதுங்க. உங்கட ஊர்ல ஆவணி புரட்டாதியில எத்தனை கிணறு வத்துது? தண்ணிப் பவுசர் கிழமைக்கு எத்தனை தரம் வருது, ஒரு குடும்பத்துக்கு எத்தனை லீற்றர் கிடைக்குது? தண்ணிக்கு ஆர் போற, எவ்வளவு தூரம், யானை வாற நேரமா? வெட்டு முடிஞ்சவுடனே நெல்லை ஆருக்கு, எந்த விலைக்கு விக்கிறீங்க, மூண்டு மாசம் வச்சிருந்தா என்ன விலை, ஏன் வச்சிருக்க ஏலாம இரிக்கு, கடனா, களஞ்சியம் இல்லையா? ஆம்பிளை இல்லாத குடும்பம் எத்தனை, அதுல காணி உறுதி இல்லாதது எத்தனை? இதுக்குப் பெரிய படிப்பு வேணாம், ரெண்டு புள்ளைகள் கொப்பியோட வீடு வீடாப் போனா ஒரு கிழமையில வந்திரும். அந்தக் கொப்பி உங்கட கையில இருந்தா நீங்க கை நீட்டுற ஆள் இல்ல, கதைக்கிற ஆள். இந்த நிறுவனங்கள் ஒரு வேலை தொடங்க முதல் ஆரம்ப நிலை ஆய்வு எண்டு காசு செலவழிச்சி எடுக்கிறதும் இதே தகவலைத்தான்.

மறுகா நீங்க என்ன போடுறீங்க எண்டதை எழுதுங்க. சிரமதானம், கிணத்துக்குக் காணித் துண்டு, மணல் ஏத்த உழவு மெசின், சமைச்சிக் குடுக்கிறது, எல்லாத்தையும் காசா மதிச்சிக் கணக்குல போடலாம், அதுக்கு அவங்கட படிவத்துலயே ஒரு இடம் இரிக்கும். முடிஞ்ச பிறகு ஆர் பாக்கிற எண்டும் எழுதோணும். பம்ப் பழுதானா ஆர் திருத்துற, வீட்டுக்கு மாசம் எவ்வளவு சேக்கிற, அந்தக் காசு எந்தப் புத்தகத்துல? இந்த ஒரு பந்தி இல்லாமத்தான் எங்கட சங்கங்கள்ட கடிதம் பின்னுக்குப் போகுது.

சேமிப்புக் குழுவைப் பத்தியும் சொல்லியே ஆகோணும். எனக்குத் தெரிய, வெளிக்காசு முடிஞ்ச பிறகும் எங்கட ஊர்கள்ல நிண்டு பிடிச்சது கூடுதலா இதுதான். 15, 20 பொம்பளையாக்கள் கிழமைக்கிழமை ஒரு சின்னத் தொகை போட்டு, தங்களுக்குள்ளயே குறைஞ்ச வட்டிக்குக் குடுத்து எடுக்கிறது. நிறுவனம் செய்யிறது கணக்கு எழுதப் பழக்கிறதும், கொஞ்சம் சுழல்நிதி (கடனாக் குடுத்துத் திரும்ப எடுத்து மறுகா குடுக்கிற காசு) போடுறதும், சண்டை வந்தா வந்து குந்துறதும்தான். மைக்ரோபினான்ஸ் கம்பெனிக்காரன் கிழமைக்கு வந்து வாசல்ல நிண்டு, ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்து, தாலிக்கொடி பேங்குக்குப் போய், ஊரை விட்டு ஓடினவங்களையும் உயிரை விட்டவங்களையும் எங்கட மாவட்டம் கண்டது. 2018ல அரசாங்கமே வறட்சி பாதிச்ச மாவட்டங்கள்ல பொம்பளையாக்கள்ட சிறு கடன்களைத் தள்ளுபடி செய்ய இறங்கோணும் எண்ட அளவுக்குப் போச்சு. அந்தக் காலத்துல சேமிப்புக் குழு உறுதியா நிண்ட ஊர்கள்ல சனம் கம்பெனிக்காரன்ட கையில விழுந்தது குறைவு, இதை நான் கண்ணால கண்டு சொல்றன். உங்கட சங்கத்துல அப்பிடி ஒண்டு இல்லாட்டி, ஆருட உதவியும் பாக்காம இந்த மாசமே தொடங்குங்க. உதவி கேட்டுப் போகக்குள்ள ஒரு வரியத்துச் சேமிப்புப் புத்தகத்தை மேசையில வச்சா, அதுக்கு மேல அத்தாட்சிக் கடிதம் வேணாம்.

காசு ஒரேயடியா வராது, துண்டு துண்டாத்தான் வரும். முதல் துண்டுக்குப் பில், வவுச்சர், வரவுப் பதிவு, ஃபோட்டோ எல்லாம் குடுத்தாத்தான் ரெண்டாந் துண்டு. கடைசியில ஓடிட். பேங் கணக்குல ரெண்டு கையெழுத்து, தலைவரும் பொருளாளரும் ஒரே குடும்பமா இருக்கப்படாது. கல்லு மண் வாங்கினா மூண்டு கடையில விலை கேட்ட கடதாசி வேணும், எங்கட கடைக்காரர் எழுதித் தரக் கள்ளப்படுவாங்க, விடாம நிண்டு வாங்குங்க. பில் மழையில நனைஞ்சி எழுத்து அழியும், எடுத்தவுடனே ஃபோன்ல ஒரு படம் எடுத்து வையுங்க. மொத்தம் எவ்வளவு வந்தது, எதுக்குப் போனது எண்டு சங்கக் கட்டடத்துச் சுவர்ல எழுதி ஒட்டுங்க, ஊருக்குள்ள கதை வராம இருக்க அதுதான் வழி. நிறுவனத்துக்காரரிட்டயும் நீங்க அதே கேள்வி கேக்கலாம். இந்தக் கிராமத்துக்கு எண்டு வந்த மொத்தக் காசு எவ்வளவு, அதுல சம்பளமும் வாகனமும் எவ்வளவு, எங்கட கையில வாறது எவ்வளவு? கோவிக்க மாட்டாங்க, கோவிச்சா அது நல்ல அமைப்பு இல்ல. உண்டியல்ல போட்ட கிழவிக்கும் அந்த விடை போகோணும், உங்களுக்கும் வரோணும்.

இடையில ஆள் வருவான், தான் வெளிநாட்டு ஃபண்ட் எடுத்துத் தாறன், நூத்துக்குப் பத்து தனக்கு எண்டு. விரட்டி விடுங்க. வெளிநாட்டு நிறுவனத்துப் பேர்ல மெயில் வரும், உங்கட சங்கம் தெரிவாயிற்று, பதிவுக் கட்டணம் அனுப்புங்க எண்டு. உண்மையான எந்த நிறுவனமும் உதவி தரக் காசு கேக்காது.

கடைசியா நீங்க கேட்ட சின்னக் கேள்வி, பங்குத்தந்தைட கடிதம் வேணுமா எண்டு. கட்டாயம் இல்ல, ஆனா உங்கட பக்கத்து ஃபாதரையோ சிஸ்டரையோ தெரிஞ்சிருந்தாக் கதைங்க, ஊர் நிலவரம் அவங்களுக்கும் தெரியும், ஒஃபிஸ்ல ஆரைப் பாக்கோணும் எண்டு சொல்லுவாங்க. கட்டாயம் வேண்டியது பிரதேச செயலகத்துல சங்கம் பதிஞ்ச சான்றிதழ், இந்த வரியம் புதுப்பிச்சதா இரிக்கோணும், பொதுக்கூட்டத் தீர்மானம், பேங் புத்தகத்துட கொப்பி, ஜிஎஸ்ஸிட்ட (கிராம சேவகரிட்ட) ஒரு கடிதம், அந்தக் கணக்கெடுப்புக் கொப்பி. கிணத்து வேலை எண்டா பெரும்போக மழை தொடங்க முதல், ஆவணிக்குள்ளயே போய்க் கதைங்க. வத்தின கிணத்தை அவங்க கண்ணால காணக்கூடிய காலம் அதுதான், ஐப்பசி பிறந்தா எல்லாக் கிணத்துலயும் தண்ணி நிக்கும், மறுகா நீங்க சொல்றதை ஒருத்தருக்கும் காட்டேலாது.